குவாங்சோவில் வெறுங்கால்

மாலை போட்ட மனுஷனோடு வெளிநாட்டுக்குப் போகாதே என்று யாராவது ஒருத்தர் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம். விமான நிலையத்தில் சோதனை போடுகிற இடத்தில் எல்லோரும் ஷூவைக் கழற்றித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் கழற்ற ஒன்றுமில்லாமல், கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, கழுத்தில் துளசி மணி, நெற்றி நிறைய விபூதி என்று நேராக நடந்து அந்தப் பக்கம் போனார். போய் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. எனக்கு வயிறு எரிந்தது.

எங்களுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஷெட் இருக்கிறது. டானிக் பாட்டிலுக்கு பிளாஸ்டிக் மூடி செய்கிறோம். மெஷின் அவர் பொறுப்பு, பேச்சு என் பொறுப்பு. மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எங்கே இடிக்கிறது என்று சொல்லிவிடுகிற மனுஷன், வாங்குகிற கம்பெனியிலிருந்து போன் வந்தால் என்னிடம் நீட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பழைய மெஷின் இழுத்துக்கொண்டு கிடந்ததால் புதுசுக்கு சீனாவில் சொல்லியிருந்தோம். கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் எங்கள் அச்சை அதில் மாட்டி, எங்கள் கண் எதிரில் ஓட்டிக் காட்டுவார்கள். நாங்கள் சரி என்று சொன்னால்தான் பெட்டி கட்டுவார்கள். அதற்கு அவர்கள் குறித்த தேதி சரியாகக் கார்த்திகையில் வந்து விழுந்தது. தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். தள்ளினால் அவர்களுடைய புத்தாண்டு லீவெல்லாம் முடிந்த பிறகுதான் என்றார்கள். அதுவரை பழைய மெஷின் தாங்காது.

மெஷினைப் பார்க்க அவர் வந்தே ஆகவேண்டும். பேச நான் போயே ஆகவேண்டும். அவர் கழுத்திலோ மாலை.

அது சாதாரண வருஷமாக இருந்திருந்தால் நானே கெஞ்சிக் கூத்தாடி மாலை போடவிடாமல் நிறுத்தியிருப்பேன். ஆனால் அது அவருக்குப் பதினெட்டாம் வருஷம். பதினெட்டாவது முறை மலை ஏறுகிறவர் தென்னங்கன்று எடுத்துப்போய் அங்கே வைப்பார், அதன் பிறகு அவரே குருசாமி. குமணன்சாவடிப் பக்கம் அவர் ஊரில் ஒரு கூட்டமே இவர் கையால் மாலை போட்டுக்கொள்ளக் காத்திருந்தது. விவசாயம் பார்த்த குடும்பம், நிலமெல்லாம் ரோடும் கல்யாண மண்டபமுமாகப் போய்விட்ட பிறகு ஊரில் அவருக்கு மிச்சமிருந்த மரியாதை இந்த மலைதான். நடுவில் விரதம் கெட்டு மாலையைக் கழற்றினால் அந்த வருஷம் கணக்கில் வராது.

இன்னொரு பக்கம் அவருக்கு சர்க்கரை. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் டாக்டர் அந்த ஆடியிலேயே சொல்லிவிட்டார்: பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது, ஆணி ஏறினால்கூடத் தெரியாது, வீட்டுக்குள்ளேயே செருப்பு போட்டுத்தான் நடக்கவேண்டும், புண் வந்தால் விரலோடு போகும், விரலோடு நிற்காமலும் போகும். நான் இவரை இழுத்துக்கொண்டு அவருடைய குருசாமியிடமே போய் முறையிட்டேன். அந்தப் பெரியவர் நல்ல மாதிரி. "வெளிநாட்ல செருப்பு போட்டுக்கோ சாமி, ஐயப்பன் கோச்சிக்க மாட்டாரு" என்றார். அப்பாடா என்று இருந்தது. இவர் வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது சொன்னார்: "பதினேழு வருசம் போடாதவன் பதினெட்டுல போடுவனா?"

பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். தெருவில் நடக்கமாட்டார். ஹோட்டல் வாசலில் கார், கம்பெனி வாசலில் கார். இரண்டு தனித்தனி ரூம். மாலை போட்டிருக்கும்வரை அவர் எனக்குப் புருஷன் இல்லை, சாமி. நான் அவருக்குப் பெண்டாட்டி இல்லை, மாளிகைப்புறம். உலகத்தில் இருக்கிற எல்லாப் பொம்பளைக்கும் அவர்கள் வைத்த பேர் அது. மாசத்தில் தூரமாகிற நாட்களில் நான் அவர் கண்ணிலேயே படக்கூடாது. ஊரில் என்றால் கார்த்திகையில் அந்த நாள் வந்ததும் திருநின்றவூரில் தங்கை வீட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுவேன். ஆனால் எனக்கு அது நின்றே போய்விட்டது என்று நினைத்திருந்தோம், பல மாசமாகத் தலைகாட்டவில்லை. அந்தத் தைரியத்தில்தான் ஜோடியாகக் கிளம்பினோம். ஷெட்டை மகள் பார்த்துக்கொண்டாள்.

குவாங்சோவில் இறங்கியதும் எனக்கு மூச்சு முட்டியது. மேம்பாலத்துக்கு மேல் மேம்பாலம், அந்தப் பாலத்தின் கைப்பிடி நீளத்துக்கும் காகிதப்பூ. தெருவெல்லாம் ஆலமரம், விழுதோடு. அடடா, நம்ம மரமாச்சே என்று சந்தோஷப்படுவதற்குள் கண்ணாடிக்குப் பின்னால் கழுத்தோடு தொங்குகிற வறுத்த வாத்துகள். இவர் காரில் கண்ணை மூடிக்கொண்டு "சாமியே சரணம்" என்றார். நான் வாத்தைப் பார்த்துக்கொண்டேன். ஊரில் அந்த ஒரு மண்டலம் முழுக்க எனக்கும்தானே முட்டைகூடக் கிடையாது.

மறுநாள் மெஷின் கம்பெனியில் கூத்து. ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று பாதுகாப்புப் பெண் குறுக்கே நின்றுவிட்டாள். நம் எஸ்டேட்டில் பாதிப் பேர் செருப்பைக் கதவோரம் விட்டுவிட்டு மெஷினில் நிற்பார்கள், அங்கே அந்தப் பேச்சே எடுபடவில்லை. இவரோ ஷூ தொடமாட்டேன் என்று கைகட்டி நிற்கிறார். நான் போனில் மொழிபெயர்க்கிற ஆப்பைத் திறந்து, இது எங்கள் சாமி விரதம் என்று சொன்னேன். அது என்ன சொல்லித் தொலைத்ததோ, அவர்கள் எல்லோரும் இவரை ஒரு இரக்கத்தோடு பார்த்தார்கள். கடைசியில் ஒரு மேனேஜர் இரண்டு நீலப் பாலித்தீன் உறைகளைக் கொண்டுவந்து கொடுத்தார், ஆஸ்பத்திரியில் காலில் மாட்டுவார்களே அது. "பிளாஸ்டிக்தானே, இது செருப்புல சேராது" என்று இவர் மாட்டிக்கொண்டு, மெஷினைச் சுற்றிப் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார். அங்கிருந்தே காதைச் சாய்த்து மெஷினைக் கேட்டு, எனக்குக் கை ஜாடை காட்டினார். நான் ஓடிப்போய் வெள்ளைக்காரன் இங்கிலீஷிலும் இல்லாத என் இங்கிலீஷில் சொன்னேன். மூடி சுத்தமாக வந்து விழுந்தது. சரி என்று கையெழுத்துப் போட்டோம். திரும்பும்போது காரில் அவர் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்து எனக்குக்கூடக் கோபம் ஆறிவிட்டது. விமானம் அடுத்த நாள் ராத்திரி. நடுவில் ஒரு பகல் சும்மா இருந்தது.

அந்தப் பகலில்தான் வினை வந்தது. காலையில் எழுந்தபோது அடிவயிற்றில் பழைய வலி. பாத்ரூமுக்குப் போய்ப் பார்த்தால் சந்தேகமே இல்லை. அத்தனை மாசம் இல்லாமல் இருந்துவிட்டு, அதற்கு வேறு ஊர் கிடைக்கவில்லை, வேறு நாள் கிடைக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன்.

பக்கத்து ரூமுக்குப் போன் போட்டேன். "சாமி, நான் தூரம்."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. அப்புறம், "இன்னா மாளிகப்பொறம் சொல்ற? இப்பவா?"

"நானா கூப்ட்டேன்? வந்துடுச்சி. நீங்க ரூமுலயே கெடங்க. நானும் இப்டியே கீறேன். சாயந்தரம் தனித்தனி காருல போய்டலாம்."

"சாப்பாடு?"

அதுதான் சங்கடம். கொண்டுபோன சின்னக் குக்கரில் நான்தான் வேளாவேளைக்கு அவருக்குச் சோறு வடித்துப் பருப்பு கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அரிசி, பருப்பு, குக்கர் எல்லாம் என் ரூமில். இனி நான் தொட்டதை அவர் சாப்பிடக்கூடாது. சர்க்கரைக்காரர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் மயக்கம் வந்துவிடும். ஹோட்டலில் எதைக் கேட்டாலும் அதில் ஒரு துண்டு எதுவோ மிதக்கும்.

"கீழ கடையில வாழப்பயம் கீது. நான் வாங்கிக்கறேன். நீ பயப்படாத" என்றார்.

"கீழன்னா வாசலு. தெருவுக்குப் போகாதீங்க. ஒப்புக்குனது ஞாபகம் கீதா?"

"கீது, கீது."

எனக்கு இன்றைக்கும் அந்த இரண்டு "கீது"வையும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் ரூம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தேன். வாழைப்பழம் வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? டீக்கடைக்குப் போய் வருகிற நேரம் ஆனது. சினிமாவுக்குப் போய் வருகிற நேரமும் ஆனது. போன் போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் போன் அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் மகராசன்.

நான் கீழே இறங்கினேன். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் ஆப்பில் கேட்டேன்: கறுப்பு வேட்டி, தாடி, காலில் செருப்பு இல்லை. அவள் உடனே சிரித்தாள். தன் போனை எடுத்துக் காட்டினாள். இவர் லிஃப்டிலிருந்து இறங்கி, அவளைப் பார்த்துக் கும்பிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளத் தெரியாமல் இழுத்து, வெளியே போகிறார். அவள் வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். எந்தப் பக்கம் என்று கேட்டேன். இடது பக்கம் கை காட்டினாள்.

வாசலில் பழக்கடை பூட்டியிருந்தது. அப்படியானால் தெருவுக்குத்தான் போயிருக்கிறார்.

அந்த ஊர்க் கூட்டம் நம் ஊர்க் கூட்டம் மாதிரி இல்லை. நம் ஊரில் இடித்தால் திட்டுவார்கள், அதில் ஒரு மனுஷ சம்பந்தம் இருக்கும். அங்கே இடிக்கவே இல்லை, சொய்ங்கென்று விலகிப் போனார்கள். பேட்டரி ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் நடைபாதையில் பின்னாலிருந்து வந்தன, ஒவ்வொன்றுக்கும் நான் துள்ளினேன். ஹோட்டலுக்கு அடுத்த தெருவே மொத்த வியாபாரச் சந்தை. பெல்ட், பை, பொம்மை, பொத்தான், எல்லாம் அட்டைப்பெட்டியில். டேப்பைச் சர்ரென்று கிழித்து ஒட்டுகிற சத்தம் தெரு முழுக்க. ஆட்கள் தள்ளுவண்டியில் பெட்டியை ஆள் உயரத்துக்கு அடுக்கி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். தரையில் பெட்டிக்கு அடிக்கிற செம்பு நிற பின்கள் இறைந்து கிடந்தன. எங்கள் ஷெட்டிலும் மூடிப்பெட்டிக்கு அதே பின்தான், வளைத்து அடித்தால் கூரான இரண்டு பல். என் ரப்பர் செருப்புக்கு அடியிலேயே அது கரகரவென்றது. ஐயோ, இந்தத் தெருவிலா அந்த மனுஷன் நடந்தான் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கேட்டேன். ஒரு விஷயம் சொல்லவேண்டும், அந்த ஊரில் யாரும் அவரை மறக்கவில்லை. கேட்ட மாத்திரத்தில் போனை எடுத்தார்கள். பெல்ட் கடைக்காரர் போனில் இவர் மேம்பாலப் படி ஏறிக்கொண்டிருந்தார். நானும் ஏறினேன். வலி அடிவயிற்றிலிருந்து தொடைக்கு இறங்கியது. பாலத்தின் அந்தப் பக்கம் பழம் விற்கிற ஒரு அம்மா, என் வயசுதான் இருக்கும், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி தன் போனை நீட்டினாள். அதில் இவர் வாழைப்பழச் சீப்பைக் காட்டி, கையை விரித்து, தலையை ஆட்டி, ஒரு வார்த்தை மொழி இல்லாமல் பேரம் பேசிக்கொண்டிருந்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பழத்தை வாங்கிக்கொண்டு திரும்பி, கழுவிவிட்ட வெள்ளைத் தரையில் நடந்து போனார்.

வலது கால் வைத்த இடம் சுத்தமாக இருந்தது. இடது கால் வைத்த இடத்தில் ஒரு கறை. அடுத்த இடது காலுக்கும் ஒரு கறை. அதற்கு அடுத்ததற்கும்.

அவர் கையை வீசிக்கொண்டு ஜம்மென்று நடந்து போகிறார். நொண்டவில்லை. குனிந்து பார்க்கவில்லை. பாதத்துக்குத் தெரிந்தால்தானே மனுஷனுக்குத் தெரியும்?

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டாள். நான் போனில் தெரிந்த தரையைத் தொட்டுக் காட்டினேன். அவளும் அப்போதுதான் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் நான் நடக்கவில்லை, ஓடினேன். பச்சை மூலிகைத் தண்ணீர் விற்கிற கடை, காய்ந்த மீன் நாற்றம் அடிக்கிற சந்து, மரத்தடியில் சீட்டாடுகிற கிழவர்கள், எல்லாம் என்னைக் கடந்து போனது. தரையைத்தான் பார்த்துக்கொண்டு ஓடினேன். சில இடத்தில் கறை இருந்தது, சில இடத்தில் ஸ்கூட்டர் ஓடி அழிந்துபோயிருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எனக்கும் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, அவருக்கும் போய்க்கொண்டிருக்கிறது. என்னுடையது தீட்டு என்று நான் ரூமில் அடைந்து கிடந்தேன். அவருடையது ஊர்த் தெருவெல்லாம் சிந்துகிறது, கேட்க ஆளில்லை. யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. அவரைத் திட்டினேன், அந்த மெஷினைத் திட்டினேன், என் வயிற்றைத் திட்டினேன்.

சீட்டாடிய கிழவர்களில் ஒருவர் என் ஆப்பில் ஏதோ பேசினார். "கறுப்புப் பாவாடை ஐயா புத்தர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்" என்கிற மாதிரி அது இங்கிலீஷில் சொன்னது. அவர் காட்டிய பக்கம் சிவப்புச் சுவர், ஓட்டுக் கூரை, ஊதுவத்திப் புகை. கோயில்.

வாசற்படியில் என் கால் நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து அந்த மாதிரி நாளில் நான் கோயில் படி மிதித்ததில்லை. உள்ளே முற்றத்தில், ஆலமரத்தடி மேடையில் அவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மடியில் ஒரு கிண்ணம். யாரோ சைவ நூடுல்ஸ் கொடுத்திருக்கிறார்கள், குச்சியில் சாப்பிடத் தெரியாமல் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாழைப்பழம். "சாமி!" என்று கத்தினேன். மணிச் சத்தத்தில் கேட்கவில்லை. அந்த ஊர் சாமிக்கு இந்தச் சட்டமெல்லாம் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது, கேட்டுத் தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. படியைத் தாண்டினேன்.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்தே விட்டார். "கிட்ட வராத மாளிகப்பொறம். கோயிலு இது. இன்னா நீ, புத்தி கெட்டுப்போச்சா?"

"காலைப் பாரு."

"இன்னா காலு?"

"ஒன் காலைப் பாருய்யா முதல்ல!"

வாங்க போங்க எல்லாம் போய்விட்டது. அவர் குனிந்து தரையைப் பார்த்தார், தான் வந்த வழியைப் பார்த்தார், பிறகு மெதுவாக உட்கார்ந்து இடது காலைத் தூக்கி முட்டிமேல் போட்டார். முன் பாதத்தில், இரண்டாவது விரலுக்கு அடியில், அந்தச் செம்பு பின் இரண்டு பல்லும் இறங்கி உட்கார்ந்திருந்தது. நடந்து நடந்து ஆழமாக அமுங்கியிருந்தது. சுற்றிலும் தோல் கிழிந்து தொங்கியது. அவர் அதை வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி பார்த்தார். அந்தக் கால் பிழைத்ததா என்று கேட்பீர்கள். பிழைத்தது. அந்த இரண்டாவது விரல் மட்டும் இல்லை, தை மாசம் எங்கள் டாக்டர் அனுப்பிய ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

அவர் குனிந்து எடுக்கப் பார்த்தார். தொப்பை இடித்தது, மூக்குக்கண்ணாடி ரூமில் இருந்தது. நான் ஒரு அடி வைத்தேன்.

"நீ தொடாத" என்றார்.

அதற்குள் கோயிலில் சேவை செய்கிற பெண் ஒருத்தி ஓடிவந்தாள். முப்பது வயசு இருக்கும். ரத்தத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீரும் துணியும் சின்ன இடுக்கியும் கொண்டுவந்து மேடையில் வைத்தாள். இவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டு, காலை அவள் பக்கம் நீட்டினார். "இந்தம்மா எடுக்கட்டும். நீ தள்ளி நில்லு" என்று என்னிடம் சொன்னார்.

எனக்கு வந்ததே கோபம். "ஊரு பேரு தெரியாத பொம்பள தொடலாம், நான் தொடக்கூடாதா? அவ இன்னிக்கு எப்டி கீறாளோ, ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாம நடந்தா தோசம் இல்ல. தெரிஞ்சி நடந்தாதான்." இரண்டு கையையும் கூப்பினார். "பதினெட்டு வருசம், மாளிகப்பொறம். இன்னும் கொஞ்ச நாளுதான. ஒன்னக் கெஞ்சிக் கேக்கறேன்."

கெஞ்சினார். மெஷினில் விரல் நசுங்கியபோதுகூட வாய் திறக்காத மனுஷன். அவர் முகத்தை அந்தப் பக்கம் கோயிலைப் பார்க்கத் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, "சாமியே சரணம் ஐயப்பா" என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். அந்தப் பெண் இடுக்கியை எடுத்துக் காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். சதை அசைந்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. தலையை ஆட்டினாள். என்னைப் பார்த்து, இடுக்கியை என் பக்கம் நீட்டினாள்.

நான் வாங்கிக்கொண்டேன்.

தரையில் உட்கார்ந்து அவர் காலை எடுத்து என் மடியில் வைத்தேன். சில்லென்று இருந்தது. குதிகாலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இடுக்கியால் பின்னின் முதுகைப் பிடித்து இழுத்தேன். முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை வந்தது. ரத்தம் குபுக்கென்று என் புடவையில் விட்டது. துணியை வைத்து இரண்டு கையாலும் என் பலம் முழுக்க அமுக்கினேன். அவர் சரணம் ஒரு எழுத்துகூட உடையவில்லை. இவ்வளவு வருஷம் நான் பிடித்துவிட்ட கால் அது. கல்யாணமான புதுசில் விரல் பட்டாலே கூசி இழுத்துக்கொள்வார்.

சரணம் நின்றது. கண்ணைத் திறக்காமலே, கோயில் பக்கம் திருப்பிய முகத்தைத் திருப்பாமலே கேட்டார்:

"அந்தம்மா எடுத்துட்டாங்களா?"

அந்தப் பெண் எங்களுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் காலை மெதுவாக மேடையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றிருந்தால் போதும். "எடுத்துட்டாங்க சாமி" என்று ஒரு வார்த்தை. அவர் சொன்ன கணக்குப்படியே தோஷமில்லை, தெரியாமல் நடந்தது. தென்னங்கன்று மலைக்குப் போகும். ஊரில் அவர் குருசாமி ஆவார். அன்று ராத்திரியே இந்தக் கிழிந்த காலோடு வெறுங்காலாகவே விமானம் ஏறுவார். அதன் பிறகு கன்னிசாமிகளைக் கூட்டிக்கொண்டு கல்லும் முள்ளும் மிதித்து மலைப்பாதை முழுக்க நடப்பார். கடைசிவரை அவருக்கு வலிக்கவே வலிக்காது.

என் நாக்கு இரண்டு பக்கமும் புரண்டது. எந்தப் பக்கம் சொன்னாலும் அவருக்குத்தான் நஷ்டம்.

"இல்ல" என்றேன். "நான்தான் எடுத்தேன். ஒன் காலு என் மடியிலதான் கீது. இப்பவும் ரெண்டு கையாலயும் புடிச்சிகினுதான் கீறேன்."

ஆலமரத்தடியில் யாரோ மணி அடித்தார்கள். பிறகு அவர் கண்ணைத் திறந்து, தன் காலையும் அதன்மேல் இருந்த என் கைகளையும் நெடுநேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் அழுகிற குழந்தை மாதிரி கோணியது.

"எனக்குத் தெரியவே இல்லடி" என்றார்.